மத்தாப்பு மருந்தும் என் முகமும்

சிவகாசிப் பக்கம் கம்பி மத்தாப்பு கம்பெனியில் எனக்கு வேலை. மருந்தில் தோய்த்த கம்பிகளை வெயிலில் காயவைக்க வேண்டும். அந்த வெயிலில் என் இரண்டு கன்னத்திலும் கரும்படலமாக மங்கு படர்ந்தது.

பார்லர் நடத்தும் என் நாத்தனார் ஒரு கிரீம் டப்பாவைக் கொடுத்தார். அதன்மேல் பேரும் இல்லை, ஊரும் இல்லை. "ஒரே வாரத்துல வெள்ளையாயிருவ" என்றார். பூசினேன். வெளுத்தது போலத் தெரிந்தது. பிறகு முகம் சிவந்து தோல் உரிந்தது. தண்ணீர் பட்டாலே எரிந்தது.

விருதுநகரில் தோல் டாக்டரம்மா அந்த டப்பாவைத் தூக்கிப் போடச் சொன்னார். புண் ஆறிய பிறகு வேறொரு கிரீம் எழுதினார்.

"இது மெக்னீசியத்தோட சேர்ந்த வைட்டமின் சி. வெறும் வைட்டமின் சி சீக்கிரம் கெட்டுப்போகும், சிலருக்கு எரியும். இதுல எரிச்சல் கம்மி. முதல்ல காதுக்குப் பின்னால தடவிப் பாருங்க. வெயிலுக்குத் தனி கிரீம் போடணும். மங்கு மெதுவா மங்கும். ஆளை வெள்ளையாக்காது."

வீட்டில் மாமியார் அலறினார். "மெக்னீசியமா? மத்தாப்புல போடுற மருந்துல்ல அது! மூஞ்சி பத்திக்கிட்டா என்ன செய்வ?"

"அங்கன இருக்கது உலோகத் தூளு, அத்தை. இது உப்பு மாதிரி. தண்ணி பட்டா வெடிக்கிற சோடியம் சோத்துல போடுற உப்புலயும்தான் இருக்கு. அது வெடிக்கவா செய்யுது?"

காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்து ஒன்றும் ஆகாததால், அவர் பார்க்கவே கன்னத்தில் தடவிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்று தோசை சுட்டேன். சாப்பிட்டு முடிக்கிறவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதங்கள் போயின. மங்கு குறைந்தது, முழுக்கப் போகவில்லை. எரிச்சல் இல்லை.

கொழுந்தனார் மகள் காதுகுத்துக்கு வெம்பக்கோட்டை போனோம். சொந்தபந்தம் கூடியிருந்த பந்தலில் நாத்தனார் சத்தமாகவே கேட்டார். "இம்புட்டு நாள் தடவியும் கறுப்பாத்தான இருக்க?"

"கறுப்பு எனக்கு நோவு இல்ல, மதினி. நீங்க குடுத்ததப் பூசி வந்துச்சே, அதுதான் நோவு. அந்த டப்பாவுல என்ன இருக்கு? எல்லாரும் கேக்கட்டும், சொல்லுங்க."

"எல்லாப் பார்லர்லயும் இதத்தான் குடுக்காக" என்று சொல்லிவிட்டு அவர் பந்திப் பக்கம் நடந்தார். அவருக்கே தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போட்டோக்காரர், "முகத்துக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுக்கோங்கக்கா" என்றார்.

"இப்படியே எடுங்க" என்று முன்வரிசையில் போய் நின்றேன்.