அண்ணியின் பத்து விரல்கள்

என் அண்ணி வேலை பார்க்கும் பெண்கள் விடுதியில் முந்நூறு மாணவிகள் சாப்பிடுகிறார்கள். சமைக்க நான்கு பேர், பரிமாற மூன்று பேர். பாத்திரம் தேய்ப்பது மட்டும் அண்ணியும் இன்னொருத்தியும். அந்த இன்னொருத்தி வருஷத்துக்கு ஒருமுறை மாறிவிடுவாள். அண்ணி இருபத்துமூன்று வருஷமாக அதே தொட்டியருகே நிற்கிறாள்.

கையுறை கொடுத்தார்கள், போடமாட்டாள். அண்டாவைக் கழுவியதும் அதன் உள்பக்கத்தில் விரலை வைத்து ஒரு இழுப்பு. கீச்சென்று சத்தம் வந்தால் சுத்தம். விரல் வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம்; மறுபடியும் சோடா, மறுபடியும் கம்பி நார். "பார்க்க எல்லாம் பளபளன்னுதான் இருக்கும். அந்தப் பிள்ளைங்க வயித்துக்குள்ள போறதாச்சே" என்பாள். வீட்டிலும் இதே சோதனைதான். நான் கழுவி வைத்த பாத்திரத்தில் அவள் விரலை வைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அண்ணியின் நாத்தனார். கட்டியவனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு வந்து இந்த வீட்டு மாடி அறையில் தங்கினேன். பதினொரு வருஷம் ஆகிறது. எப்போது போவாய் என்று அண்ணி ஒருநாளும் கேட்டதில்லை. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் உட்காருகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் அண்ணன் சொல்வான். கொஞ்சமா என்று மற்றவர்கள் கேட்பார்கள்.

அண்ணன் மகள் வேலை செய்யும் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு சுற்றுலா கொடுத்தார்கள். இரண்டு பேருக்கு, ஐந்து நாள், கடல் தாண்டி வெயிலும் மழையுமாக இருக்கும் ஒரு பௌத்த நாட்டுக்கு. அவள் முதலில் அப்பாவைத்தான் கேட்டாள். "எனக்குத் தரையில நடக்கவே ரெண்டு கால் போதலை, நீ ஆகாசத்துக்குக் கூப்பிடுற" என்று அண்ணன் கழன்றுகொண்டான். எதையும் வேண்டும் என்று கேட்காத அண்ணி, சுற்றுலாக்காரர்கள் அனுப்பிய வழவழப்பான தாளைப் பார்த்துக்கொண்டே, "நான் வரேன்" என்றாள்.

அந்தத் தாளில் ஒரு படம். கோயிலுக்குள் பெரிய புத்தர், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். அண்ணி அந்தப் படத்தைச் சமையலறைக் கதவில் ஒட்டினாள்.

"எங்க பாத்தாலும் சாமி நின்னுகிட்டு இருக்கு, இல்லாட்டி உக்காந்திருக்கு. இவரு ஒருத்தர்தான் அக்கடான்னு படுத்திருக்காரு. இவரை நேர்ல பாக்கணும்."

பகலில் ஒருநாளும் படுக்காதவள் அவள். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

ஏற்பாடுகள் தொடங்கின. கோயிலுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. அண்ணி இரண்டு நீளச் சட்டைகளும் பாவாடைகளும் தைத்தாள். செருப்பைக் கழற்றிக் கழற்றிப் போட வேண்டியிருக்கும் என்பதால் வார் இல்லாத செருப்பு வாங்கினாள். சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக்கூடாது என்பதை மகளுக்கு நாலு தடவை சொன்னாள். பாஸ்போர்ட் மட்டும்தான் பாக்கி.

பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அண்ணி, மகள், நான் என்று மூவருமாகப் போனோம். கண்ணாடி போட்ட அலுவலர் ஒருவர் அண்ணியின் விரலை மெஷின்மேல் வைக்கச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். சிவப்பு. ஈரமாக்கி வைக்கச் சொன்னார். சிவப்பு. பத்து விரலையும் பார்த்தார்கள், ஒன்றின் ரேகையும் விழவில்லை. அவர் எழுந்து வந்து அண்ணியின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா வேலை பாக்குறீங்க?"

"பாத்திரம் தேய்க்கிறேன் சார்."

"தேய்ஞ்சே போச்சும்மா ரேகை. மூணு வாரம் தண்ணி, சோப்பு, நார் எதையும் தொடாதீங்க. எண்ணெய் தடவிட்டு வாங்க. கொத்தனாருங்களுக்குக்கூடத் திரும்ப வந்திருக்கு. வரலைன்னா டாக்டர் சான்றிதழ், மேலிடத்து அனுமதின்னு நாலு மாசம் இழுக்கும்."

பயணத்துக்கு ஏழு வாரம்தான் இருந்தது.

அண்ணி விடுதியில் மூன்று வாரம் விடுப்புக் கேட்டாள். இருபத்துமூன்று வருஷத்தில் அதுதான் முதல் விடுப்பு என்று வார்டன் பதறிப்போய்க் கொடுத்தாராம். வீட்டு வேலையை அண்ணனும் மகளும் நானும் பங்குபோட்டுக்கொண்டோம். பங்கு என்பது பேச்சுக்குத்தான். அண்ணன் இரண்டு தம்ளர் கழுவிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்வான். மகள் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பாத்திரம் என் தலையில் விழுந்தது.

அண்ணியைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. கையை எங்கே வைப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைப்பாள், எடுப்பாள், துண்டை மடிப்பாள், பிரித்து மறுபடி மடிப்பாள். காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து அண்ணனின் மூக்குக்கண்ணாடியைப் பூதக்கண்ணாடியாக்கி ஒவ்வொரு விரலாகப் பார்ப்பாள். பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு சுண்டு விரலைக் காட்டினாள். மெல்லிய கோடுகள், வளைந்து வளைந்து. "வருது பாரு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் கண்டதே இல்லை. பதினைந்தாம் நாளுக்குள் ஏழு விரலில் கோடு தெரிந்தது.

பதினேழாம் நாள்தான் நான் கெடுத்தேன். அன்று எங்கள் மருத்துவர் வரத் தாமதமானதில், பல்வலிக்காரர்கள் எல்லோரும் என்னைத்தான் கடித்தார்கள். வீட்டுக்கு வந்தால் தொட்டி நிறையப் பாத்திரம். அடுப்பில் வைத்த பாலும் அடிப்பிடித்துவிட்டது. நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்ற அண்ணி, ஒரு தட்டைப் பார்த்து, "ஓரத்துல பிசுக்கு போகலை போல" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "பதினேழு நாளா உங்க விரலுக்குத்தான் இந்த வீடே ஊழியம் பண்ணுது அண்ணி. எனக்கும் கைதான், அதுலயும் ரேகை இருக்கு. நானும் மகாராணி மாதிரி உக்காந்து விரலைப் பாத்துக்கிட்டிருந்தா இதையெல்லாம் யாரு செய்வா?" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். பால் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி அப்படியே போட்டுவிட்டு நான் மாடிக்குப் போனேன். சொன்னது தப்பு என்று படியேறும்போதே தெரிந்தது. காலையில் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

காலையில் என்னை எழுப்பியது அந்தச் சத்தம். கீச். மறுபடியும் கீச். விழுந்தடித்து இறங்கி ஓடினேன். தொட்டி காலி. தட்டு, தம்ளர், பரணில் கிடந்த பழைய குண்டான் வரைக்கும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். கையில் அந்தப் பால் பாத்திரம், கம்பி நார், முழங்கை வரை நுரை. பிடுங்கிப் போட்டுவிட்டு அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் சிவந்து மழமழவென்று இருந்தது.

"என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க? இன்னும் நாலே நாள்தானே இருந்துச்சு?"

"உக்கார முடியலைடி. நீ சொன்னதுல தப்பில்லை." கையைத் துடைத்துக்கொண்டாள். "எம் பொண்ணுகிட்ட சொல்லாதே. உன்னைத்தான் திட்டுவா."

மிச்ச நாட்களில் கிண்ணம் கிண்ணமாக எண்ணெய் தடவினேன், நானே உட்கார்ந்து. குறித்த நாளில் போனோம். அதே அலுவலர். சுண்டு விரல் இரண்டு மட்டும் விழுந்தன, மற்ற எட்டும் சிவப்பு.

"மூணு வாரமும் எதையும் தொடலையாம்மா?"

"தொடலை சார்" என்றாள் அண்ணி. அவள் பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்காகச் சொன்னாள். பக்கத்திலேயே நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு நீளமான வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

மகள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அண்ணி அவள் தலையைத் தடவிக்கொண்டே, "எதுக்கு அழுற? சீட்டு வீணாப் போக வேண்டாம். அத்தையைக் கூட்டிட்டுப் போ" என்றாள். நான் மாட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் மாட்டேன் என்றேன். மூன்றாம் தடவை கேட்டபோது பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் போக ஆசையாக இருந்தது. நானும் இந்த ஊரைத் தாண்டியவள் இல்லை.

அவசரமாக விண்ணப்பித்தோம். என் பத்து விரலும் ஒரே நிமிஷத்தில் விழுந்தன. பத்து தடவையும் பச்சை விளக்கு. "உங்களுக்கு நல்லா இருக்கும்மா" என்று அந்த அலுவலர் பாராட்டினார். திருடிவிட்டு வருகிறவள் போலத்தான் அங்கிருந்து வந்தேன்.

நாளை விமானம். நான் அண்ணியைவிட உயரம். தனக்கென்று தைத்த பாவாடைகளின் மடிப்பைப் பிரித்து, எனக்கு முழங்கால் மூடும்படி அவளே இறக்கித் தைத்துக்கொடுத்தாள். நாலு நாளாக விடுதியிலிருந்து வந்ததும் வராததுமாக அந்த வேலைதான். இன்று அவற்றைப் பெட்டியில் அடுக்கினாள். கதவில் ஒட்டியிருந்த படத்தையும் உரித்து மேலே வைத்தாள்.

"இவரு தலைக்கு வச்சிருக்கிற கையை நல்லாப் பாத்துட்டு வா" என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"விரல்ல கோடு போட்டிருக்காங்களான்னு. இவ்வளவு பெரிசா செஞ்சவங்க அதைச் செஞ்சாங்களா, விட்டுட்டாங்களான்னு தெரிஞ்சுக்கணும். வேற ஒண்ணுமில்லை."

அன்றைக்குச் சொன்னதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "பாத்துட்டு வரேன் அண்ணி" என்றுதான் வந்தது. அவள் பெட்டியை மூடிவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள்.