பாழுங்கிணற்றில் ஒரு மத்தியானம்

அந்த வாரம் பிள்ளைகளுக்கு மனிதப் பரிணாமம் நடத்திக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியில் நான் உயிரியல் ஆசிரியை. மரத்தில் வாழ்ந்த மூதாதைக்குக் காலின் பெருவிரல் கைக் கட்டைவிரலைப்போல விலகி நின்றது. கிளையைப் பற்ற முடிந்தது. நிமிர்ந்து நடக்க ஆரம்பித்த பிறகு அது மற்ற விரல்களோடு வரிசையில் சேர்ந்துவிட்டது. இதைச் சொன்னதும் ஒரு மாணவி, "அப்ப அது நட்டந்தான டீச்சர்?" என்று கேட்டாள். நடப்பதற்குக் கொடுத்த விலை என்றேன்.

சனிக்கிழமை ஓட்டப்பிடாரத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பினேன். பங்குனி வெயில். வழியில் பெண்கள் ஒதுங்க இடமே கிடையாது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வண்டியை ஓரங்கட்டினேன். கைப்பையும் போனும் வண்டியிலேயே இருந்தன. பருத்திக்காட்டைத் தாண்டி, வேலிக்கருவைப் புதருக்குப் பின்னால் போனேன். அங்கே கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு பாழுங்கிணறு இருந்ததை, அதற்குள் விழுந்த பிறகுதான் அறிந்தேன்.

மூன்றாள் ஆழம். அடியில் காய்ந்த வண்டல் இருந்ததால் பிழைத்தேன். இடது கணுக்கால் மடிந்து கிடந்தது. எழுந்து ஊன்றியதும் உச்சந்தலைவரை வலித்தது.

முதலில் கத்தினேன். சத்தம் சுவரில் முட்டி என்மேலேயே விழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லிடுக்கில் வலது காலை வைத்து ஏறப் பார்த்தேன். கால்விரல்கள் கல்லைப் பிடிக்கவில்லை. இரண்டு முறை சறுக்கி விழுந்தேன். மூன்றாம் முறை முழங்கை உரிந்தது. மேலே முறத்தளவு வானம். கல்லிடுக்கில் ஒரு பாம்புச் சட்டை தொங்கியது. அதைப் பார்த்த பிறகு சுவரில் சாயக்கூடத் தைரியம் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டில் இருட்டும்வரை தேட மாட்டார்கள். சடங்கு வீட்டில் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைப்பார்கள். அழுதேன். வகுப்பில் விலை என்று அவ்வளவு சுலபமாகச் சொன்னோமே என்று வெட்கமாக இருந்தது.

தூரத்தில் ஆட்டுமணிச் சத்தம் கேட்டது. மறுபடி கத்தினேன், தொண்டையில் காற்றுத்தான் வந்தது. உதிர்ந்து கிடந்த கல் ஒன்றை எடுத்து, ஒற்றைக்காலில் நின்று, தோளைச் சுழற்றி மேலே எறிந்தேன். விளிம்பில் பட்டு என் பக்கமே திரும்பி விழுந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ வெளியே போனது. அதன்பின் நிறுத்தாமல் எறிந்தேன். ஒரு ஆடு அலறியது.

"எவம்லே அது, ஆட்டுமேல கல்ல எறியுதவன்?"

கிணற்று விளிம்பில் ஒரு பெண்ணின் தலை தெரிந்தது. கையில் ஆட்டுக்குக் குழை பறிக்கிற தொரட்டி.

"யக்கா, கால் ஒடஞ்சுபோச்சு. ஏற முடியல."

"அடி ஆத்தி! பாம்பு அடையுத கெணறுல்லா இது! அசையாம இருங்க. ரோட்டுல ஆளக் கூட்டிட்டு வாரேன்."

"யக்கா, என்ன விட்டுட்டுப் போயிராதீங்க."

"நான் போனாத்தான தாயி ஆளு வரும்? ஆடுகள இங்கனதான் விட்டுட்டுப் போறேன். அதுகள விட்டுட்டு நான் எங்க போயிருவேன்?"

அந்த ஆடுகள் கருவைக்காயைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காத்திருந்தேன். சத்தம் ஓயும்போதெல்லாம் ஆடுகள் போய்விட்டனவோ என்று அண்ணாந்து பார்த்தேன். ஒருவழியாக டிராக்டர் வந்தது. நாலு பேர் கயிற்றில் டயரைக் கட்டி இறக்கி என்னைத் தூக்கினார்கள். வெளியே வந்ததும் அந்த அக்காவின் காலைக் கட்டிக்கொண்டேன். அவள் கூச்சப்பட்டு விலகி, "எங் குட்டிக்கு முதுகு வீங்கிப்போச்சு பாருங்க" என்றாள்.

மாவுக்கட்டோடு ஆறு வாரம் ஒரே அறையில் கிடந்தேன். கால் சேர்ந்துவிட்டது. இப்போதும் குளிக்கப் போனால் கதவைத் தாழிட மாட்டேன். ஒருக்களித்துச் சாத்திவிட்டு, வெளியே யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.