ஒட்டிக்கொண்ட கிளட்ச்

மழை எச்சரிக்கை வந்த அன்று எங்கள் தெருவே வண்டிகளை ஓட்டிக்கொண்டு போய் மேம்பாலத்தின் மேல் நிறுத்தியது. நானும் எங்கள் வேன் சாவியை எடுத்தேன். முட்டி ஆபரேஷன் ஆகி நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் விடவில்லை. "போன வெள்ளத்துக்கே நம்ம தெருவுல தண்ணி நிக்கல. சும்மா கிட" என்றார். இந்தப் பக்கத்து ஆம்பளைகளுக்குப் போன வெள்ளம்தான் அளவுகோல். நடுவில் பக்கத்திலே அடுக்குமாடி வந்ததும், ரோட்டை உயர்த்திப் போட்டதும் அவர்கள் கணக்கில் வராது. வந்தது பாருங்கள் தண்ணீர், வேன் படிக்கட்டு வரைக்கும்! அது வடிகிறவரை நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வடிந்த பிறகு எஞ்சின் எப்படியோ கிளம்பிவிட்டது. கியர்தான் விழவில்லை. கிளட்ச்சை அடிவரை மிதித்தாலும் கர்ர்ர் என்று ஒரு சத்தம், கேட்கவே பல் கூசியது.

வெள்ளானூரிலிருந்து திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. அவருக்கு முட்டி போனதிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். டிரிப் கொடுத்த கான்ட்ராக்டர் சனிக்கிழமை போன் செய்தான். "அக்கா, திங்கக்கெழம காலைல வண்டி வர்லன்னா வேற வண்டி போட்டுடுவேன். அப்பால என்னைக் கேக்காத." மெக்கானிக்கோ, தண்ணீரில் நனைந்த வண்டிகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன, கியர்பாக்ஸை இறக்கவே ஒரு வாரம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார். ஆனால் நான் அந்த டிரிப்பை விடுவதாக இல்லை.

"கிளட்ச் கேபிள் அந்து போயிருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"பார்த்துட்டுப் பேசுய்யா."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, நல்ல காலால் கிளட்ச்சை மிதிக்கச் சொன்னேன். கேபிள் அழகாக இழுத்தது, கீழே இருந்த நெம்புகோலும் நகர்ந்தது. கேபிளில் குறை இல்லை. எழுந்து போய், எஞ்சினைக் கிளப்பாமலே கியர் போட்டுப் பார்த்தேன், விழுந்தது. கிளட்ச்சை மிதித்தபடியே சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரே துள்ளாகத் துள்ளியது.

அப்படியானால் மிதித்தும் எஞ்சினை விட்டுக் கிளட்ச் பிளேட் விலகவில்லை. மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். "தண்ணில கெடந்து துரு புடிச்சு ஒட்டிக்கினு கீதுக்கா. கியர்பாக்ஸ எறக்காமலே பிரிக்க ஒரு வழி கீது. ஆனா வண்டி கெளம்புனா நிக்காது, ஆளு இல்லாத எடமா பாரு" என்று வழியையும் சொன்னார்.

எங்கள் தெரு முடிவில் மனை போட்டுக் கல் நட்ட காலி இடம், உள்ளே நல்ல தார் ரோடு. தெருப் பையன்களை விட்டு வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போனேன். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். வண்டி உதறிக்கொண்டே ஓட ஆரம்பித்தது. கிளட்ச்சிலிருந்து காலை எடுக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன், விட்டேன், பிரேக்கை ஓங்கி மிதித்தேன். எஞ்சின் அணைந்தது. மறுபடியும். மறுபடியும் அணைந்தது. பக்கத்து சீட்டில் இருந்த வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யேசுவே! கியர்பாக்ஸ் ஒடையப் போவுதுடி, வுட்டுடு!" என்று கத்தினார்.

"நீ மேம்பாலத்துக்கு வுட்டிருந்தா இது இன்னாத்துக்கு?" என்று நானும் கத்தினேன். தொடை மரத்துவிட்டது. "விடுறியா இல்லையா, சனியனே!" என்று வண்டியையும் திட்டிக்கொண்டே பிரேக்கை மிதித்தேன். அடியில் டப்பென்று ஒரு சத்தம். வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிளேட் விட்டிருந்தது.

உடனே கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். "அய்யோ, வேற வண்டிக்குச் சொல்லிட்டேனேக்கா. உன் வண்டி பாதி வழில நின்னுச்சுன்னா அந்தப் பொண்ணுங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

போனை வைத்தேன். வீட்டுக்காரரை வாசலில் இறக்கிவிட்டு, நேரே நசரத்பேட்டையில் கான்ட்ராக்டர் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தேன். லுங்கியோடு வெளியே வந்தான்.

"ஏறு, தம்பி."

"இன்னாக்கா..."

"ஏறுன்னா ஏறு."

பைபாஸ் பாலத்தின் ஏற்றத்தில், பாதி வழியில் வேண்டுமென்றே நிறுத்தினேன். பின்னால் லாரிக்காரன் ஹாரனிலேயே கெட்ட வார்த்தை பேசினான். முதல் கியர் போட்டேன், சத்தமே இல்லை. கிளட்ச்சை மெதுவாக விட்டேன். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறியது. இறக்கத்தில் ஓரம் கட்டினேன். கான்ட்ராக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை எடுத்தான். "மாமே, நாளைக்கு உன் வண்டி வாணாம். அக்காவே வந்துடும்" என்றான்.

அப்போதுதான் என் இடது கால் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. அவனுக்குத் தெரியக்கூடாது என்று கிளட்ச்சை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. "இன்னாக்கா, போலாமா?" என்றான். "இரு தம்பி" என்றேன்.