கையைக் காட்டும்மா

எழுபதுகளின் தொடக்கத்தில், மதுரைக்கு வெளியே புதிதாக வந்த மாத்திரைக் கம்பெனிக்கு ஆள் சேர்ப்பது என் வேலை. அதற்காக அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் அலைந்தேன். மழை பொய்த்த வருஷம்.

ஒரு வீட்டில், "மருந்துக் கம்பெனி" என்றதுமே அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"மருந்து வேலையே வேணாங்கய்யா. எம் மூத்தவ மருந்துலதான் கருகிப் போனா. அவள இழுக்கப் போயி இவ கையும் வெந்துபோச்சு."

பக்கத்தில் இளையவள் செல்வி நின்றாள். அந்த ஊரில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கும் வெடிமருந்து. அது எனக்கு உறைக்கவே சற்று நேரமானது. பையிலிருந்த காய்ச்சல் மாத்திரையை எடுத்துக் காட்டினேன்.

"இது உசுரக் காப்பாத்துற மருந்தும்மா. நெருப்பே கிடையாது."

அந்த அம்மா மாத்திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் செல்வியை என்னுடன் பஸ் ஏற்றினார்.

கம்பெனி டாக்டர் செல்வியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "மாத்திரையத் தொடுற வேலை. இந்தக் கை ஆகாது" என்றார். கூட்டிப் பெருக்கும் வேலையாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். முதலாளி பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

திரும்பக் கொண்டுபோய் விட்டபோது அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. மகளிடம்தான் சொன்னார்.

"பட்டாசு ஆபீஸுக்கே போ தாயி. அங்க கையெல்லாம் பாக்க மாட்டாக."

அதன் பிறகும் வெட்கமில்லாமல் அதே ஊர்களுக்கு ஆள் சேர்க்கப் போனேன். மருந்து என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். வாசலில் நின்றே, "கையைக் காட்டும்மா" என்பேன். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.