பிரேக் எட்டாத சைக்கிள்

எங்கள் அப்பாவும் மாமாவும் மூன்று வருடம் பேசாமல் இருந்தார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா தேயிலைத் தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் முன்னால் போய் நின்று, கெஞ்சாத குறையாகக் கேட்டு, மாமாவுக்குத் தோட்டத்தில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். மாமா அந்த வேலையில் ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள் யாரிடமும் சொல்லாமல் கொழும்புக்கு ரயிலேறிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் மாமாவின் பேச்சு எழுந்தால் அப்பா எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். பேச்சு நீண்டால், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்கள் சுவரைத் தட்டுவார்கள்.

அப்பா தோட்டத்துத் தபால்காரர். வட்டவளைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து தினமும் காலையில் டவுனுக்கு இறங்கி, தபால் பையை வாங்கிக்கொண்டு ஏறி வருவார். அதற்காக அவரிடம் ஒரு மவுண்டன் சைக்கிள் இருந்தது. மாற்றலாகிப் போன ஒரு சின்ன தொரை பங்களாவில் விட்டுவிட்டுப் போனது. அதன் டயர்கள் தடித்து, பலாப்பழத் தோல் போல முள்முள்ளாக இருக்கும். கல்லும் குழியுமான எங்கள் ரோட்டுக்கு அது ஏற்ற சைக்கிள்தான்.

எனக்குப் பத்து வயதானபோது ஒரு தேர்தல் வந்தது. அந்தப் புண்ணியத்தில் ரோட்டுக்குத் தார் ஊற்றிக் காபட் போட்டார்கள். தோட்டமே இறங்கிப் போய் அந்தக் கறுப்பு ரோட்டைத் தொட்டுப் பார்த்தது. அப்பாவின் சைக்கிளுக்கு மட்டும் அது ஒத்து வரவில்லை. வழவழப்பான ரோட்டில் அந்த முள் டயர்கள் கொர்ரென்று முனகிக்கொண்டு ஒட்டிக்கொண்டன. ஏற்றத்தில் பாதித் தூரம் அப்பா தள்ளிக்கொண்டுதான் வருவார். முழங்காலும் நோகத் தொடங்கியிருந்தது. ராத்திரியில் அம்மா எண்ணெய் தேய்த்துவிடுவார். அதோடு நிற்காமல், அப்பா இல்லாத நேரம் பார்த்து மாமாவுக்குப் போன் போட்டும் சொல்லியிருக்கிறார்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாமா வந்து நின்றார். கையில் துணிமணிப் பை இல்லை. தோளில் ஒரு பெரிய சாக்கு மூட்டை. அதற்குள்ளிருந்து இரண்டு சைக்கிள் சக்கரங்களை எடுத்தார். பெரிய வளையம், அதன்மேல் என் கட்டைவிரல் அகலத்துக்கு மெல்லிய டயர். கொழும்பில் அவர் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தார். ரேஸ் ஓடுகிற யாரோ கழற்றிப் போட்ட சக்கரங்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ரயிலில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார்.

அப்பா கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது இஸ்தோப்புத் திண்ணையில் அவருடைய சைக்கிள் தலைகீழாக, சக்கரம் இல்லாமல் நின்றது. பக்கத்தில் மாமா குந்தியிருந்தார். இருவருக்கும் இடையில் ஒரு கை தூரந்தான். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“யாரக் கேட்டு வீலக் கழட்டுனாருன்னு கேளு புள்ள.”

நான் மாமாவைப் பார்த்தேன். மாமாவும் என்னைத்தான் பார்த்தார்.

“அக்காவக் கேட்டுத்தான்னு சொல்லு பாப்பா.”

அடுப்படியில் அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“இந்த ஊசி டயரு மழைக்கு வழுக்காதான்னு கேளு.”

“காத்து கொஞ்சம் கொறச்சு வச்சா வழுக்காதுன்னு சொல்லு. ஏத்தத்துல பாதிப் பாரம் கொறஞ்சிரும்னும் சொல்லு.”

இப்படியே அந்தச் சாயங்காலம் முழுக்க நடந்தது. ஆரம்பத்தில் நான் இரண்டு பக்கமும் திரும்பி ஒவ்வொரு சொல்லையும் ஒழுங்காகச் சொன்னேன். பிறகு அலுத்துப்போய், நடுவில் உட்கார்ந்து பொரிவிளாங்காய் தின்ன ஆரம்பித்தேன். நான் வாயைத் திறக்காமலேயே பேச்சு நடந்தது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் “சொல்லு”, “கேளு” என்று என் பெயரில்தான் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கினார். பழைய பின்சக்கரத்திலிருந்த பல்சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் பூட்டினார். அச்சு கொஞ்சம் குறுகலாக இருந்ததால் இரண்டு பக்கமும் வாஷர் போட்டு இறுக்கினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் மங்கலாக வந்த கம்பியை ஒரு சின்னச் சாவியால் முறுக்கினார். ஒரு கட்டத்தில் சைக்கிள் ஆடாமல் இருக்கிறதே என்று பார்த்தேன். அப்பா அதன் பாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தை மட்டும் எதிர்ப்பக்க மலையைப் பார்த்து வைத்திருந்தார்.

சக்கரங்கள் சட்டத்துக்குள் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தன. பெரிய வளையமாக இருந்தாலும் டயர் மெலிந்துவிட்டதால் சைக்கிள் ஒரு விரல்தான் உயர்ந்திருந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மாமா பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிரேக் கட்டைகள் பழைய சின்ன வளையத்துக்கென்று வைத்த இடத்தில் இருந்தன. புதிய வளையம் அதற்கு இரண்டு விரல் தள்ளி வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் கட்டைகள் காற்றைத்தான் பிடித்தன.

அப்போது அப்பா வீட்டில் இல்லை. தீபாவளிக்கு ஆட்டிறைச்சிப் பங்கு சொல்லக் கீழ் லயத்துக்குப் போயிருந்தார். மாமா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“பாப்பா, நாளைக்கு இதுல ஏற வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிரு. காலையில ஹட்டன் போயி நீட்டுக் கை பிரேக்கு ரெண்டு வாங்கிட்டு வந்து மாட்டிர்றேன். மறந்துறாத.”

மறக்கமாட்டேன் என்று தலையாட்டினேன். மாமா துண்டை எடுத்துக்கொண்டு பீலிக்குக் குளிக்கப் போனார்.

அப்பா வந்தார். சைக்கிள் நிமிர்ந்து நின்றது. அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்சக்கரத்தைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினார். அது சத்தமே இல்லாமல் சுற்றியது, நிற்கவே இல்லை. அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மூன்று வருடத்தில் மாமா சம்பந்தப்பட்ட எதற்கும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

“முடிஞ்சிருச்சாமா புள்ள?” என்று கேட்டார்.

முடியவில்லை என்று சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவன் என்று மாமாவைப் பற்றி அவர் வழக்கமாகச் சொல்வதை மறுபடி சொல்வார். மாமா அடுத்த ரயிலிலேயே கிளம்பிவிடுவார். இதெல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது.

“முடிஞ்சிருச்சுப்பா” என்றேன்.

அம்மாவிடமாவது பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனேன்.

காலையில் மாமாவின் குரல்தான் என்னை எழுப்பியது. சைக்கிள் எங்கே என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதுதான் எடுத்துக்கொண்டு போனார் என்றார் அம்மா. மாமா என் பக்கம் திரும்பினார். நான் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டேன். அவருக்கு அதுவே போதும். அடுத்த கணம் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

எங்கள் லயத்திலிருந்து ரோடு வளைந்து வளைந்து பெரட்டுக்களம் வரைக்கும் இறங்கும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடி நிற்பது அங்கேதான். தேயிலைக்கு நடுவே படியாக ஒரு குறுக்குப் பாதையும் உண்டு. மாமா அதில் தாவித் தாவி இறங்கினார். மூடுபனியில் அப்பாவின் முதுகும் அதில் தொங்கிய தபால் பையும் மட்டும் கீழ் வளைவில் மங்கலாகத் தெரிந்தன. மாமா அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

“மச்சான்! மச்சான்! எறங்குங்க! பிரேக்கு இல்ல!”

அப்பா திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். சைக்கிள் ரோட்டை விட்டு விலகி, தண்ணீர் ஓடும் கானைத் தாண்டி, தேயிலைக்குள் பாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கண்ணைத் திறந்தபோது அப்பா இடுப்பளவு பச்சைக்குள் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, அது கவ்வாத்து வெட்டாத மலை. வெட்டியிருந்தால் அத்தனை செடியும் குச்சிகுச்சியாகக் குத்திக் கிழித்திருக்கும். உடம்பெல்லாம் பனித்தண்ணி, நெற்றியில் ஒரு கீறல், கானுக்குள் தபால் பை. பெரட்டிலிருந்த பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“மச்சான், காலு ஆடுதா? ஆட்டுங்க பாப்போம்” என்று மாமா அழாத குறையாகக் கேட்டார்.

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். நான் எட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை.

“கத்தாதடா. பெரட்டே பாக்குது” என்றார். பிறகு, “மொதல்ல வீலப் பாரு, வளைஞ்சு கிளைஞ்சு போச்சான்னு.”

வளையவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சைக்கிளைத் தூக்கினார்கள். வீட்டுக்கு ஏறி வரும் வழியெல்லாம் மாமா முழங்காலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். நான் பத்தடி பின்னால் வந்தேன். வீட்டில் அம்மா மஞ்சளை அரைத்து நெற்றியில் வைக்கும்போது அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“மாமா ஒங்கிட்ட ஏதும் சொன்னாரா புள்ள?”

 நான் வாயைத் திறப்பதற்குள் மாமா குறுக்கே வந்தார்.

“அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லலங்க மச்சான். காலையில நானே சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். எம் மேலதான் தப்பு.”

அப்பா மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேத்தண்ணியைக் கேட்டு வாங்கிக் குடித்தார். அன்று தபாலுக்கு நடந்தே போனார். சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனார்கள். அங்கே சைக்கிள் திருத்தும் ஒரு சிங்கள பாஸிடம் பழைய உயரச் சைக்கிளிலிருந்து கழற்றிய நீண்ட கைப் பிரேக்குகள் கிடைத்தன. வெளிச்சம் காட்டும் சிவப்பு வில்லை மாட்டுகிற துளைகளிலேயே அவற்றைப் பூட்டலாம் என்று அவர்தான் வழி சொல்லியிருக்கிறார். மறுநாள் அப்பாவும் மாமாவும் சேர்ந்து பூட்டினார்கள். எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்று இருவரும் லயம் முழுக்கக் கேட்கும்படி சண்டை பிடித்தார்கள். நேருக்கு நேராக. அம்மா அடுப்படியிலிருந்து அதைக் கச்சேரி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு அதிரசம் சுட்டார்.

அந்தச் சைக்கிளில் அப்பா ஏழு வருடம் தபால் எடுத்தார். ஏற்றத்தில் தள்ளவேண்டி வந்ததே இல்லை. மாமா ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்தார். ஆனால் அந்தப் பொய்யை நான் யாரிடமும் சொல்லவில்லை. மழை நாளில் அப்பா வரத் தாமதமானால் போதும், முதல் வளைவு வரைக்கும் இறங்கிப் போய் நின்றுகொள்வேன்.

அப்பா வேலையை விட்ட பிறகு, போன வருடம், நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கினார். ஒருநாள் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமா சொல்லச் சொன்னதை நான் மாற்றிச் சொன்னதால்தான் அவர் விழுந்தார் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா கத்தியில் ஒட்டிய பாலைக் காகிதத்தில் துடைத்தார்.

“நீ சொன்னதுக்கு நான் விழலம்மா. பிரேக்கு இல்லேன்னு லயத்த விட்டு எறங்குன ஒடனேயே தெரிஞ்சிருச்சு. இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்து மாட்டிக் குடுத்தவன், மொத நாளே நான் உருட்டிக்கிட்டுப் போனா அவன் மொகம் என்னாவும்? கால ரோட்டுல தேச்சுத் தேச்சு மெதுவாத்தான் போயிக்கிட்டிருந்தேன். ஒண்ணும் ஆகியிருக்காது. மூணு வருசம் கழிச்சு அவன் பின்னால இருந்து மச்சான்னு கூப்புட்டான் பாரு, அப்பதான் விழுந்தேன்.”

அன்று குறுக்குப் பாதைப் படியில் நின்ற எனக்குப் பத்து வயது. பிரேக் இல்லாததால்தான் அப்பா விழுந்தார் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது.