கங்காணி இல்லாத கேலக்ஸிகள்

செண்பகனூரில் பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் நான் தினமும் நோயாளி. இலங்கையில் தோட்டத்தில் இருந்தவரை பால் விடாத தேநீர்தான் குடித்து வளர்ந்தேன். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, ஒரு நக்கு, ஒரு மிடறு. கொடைக்கானல் மலைக்கு வந்த முதல் வாரம் அதையே இங்கேயும் கேட்டேன். கடைக்காரர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். “பால் இல்லாமயா? வயித்துக்கு என்னங்க செய்யுது?” ஒன்றும் செய்யவில்லை, பழக்கம் என்றேன். அவர் நம்பவில்லை. இந்த மலையில் ஒருவன் பாலில்லாத டீ குடிக்க இரண்டே காரணம்தான் இருக்க முடியும்: வயிற்றுப்போக்கு, அல்லது வறுமை. இரண்டில் கௌரவமானதை எனக்கு ஒதுக்கிவிட்டார் புண்ணியவான். அன்றிலிருந்து, பஸ்ஸுக்கு நிற்கும் அத்தனை பேர் முன்னிலையிலும், “வயிறு இப்ப எப்டி கெடக்கு?” என்று உரத்த குரலில் விசாரணை. மாதுளம்பிஞ்சை அரைத்துக் குடிக்கச் சொன்னவர்களும் உண்டு. தேயிலைக்கு நடுவே பிறந்தவனுக்குத் தேநீர் குடிக்கத் தெரியவில்லையே என்று ஒரு தேசமே பரிதாபப்படுவதை, தோட்டத்தில் இருக்கும் என் சொந்தபந்தங்கள் கற்பனை செய்துகொள்ளட்டும்.

“அப்ப என்ன சோலி பாக்குறீங்க?” என்று கேட்டார் கடைக்காரர் ஒருநாள். வானத்தில் கேலக்ஸிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டம், அவற்றில் நமக்குப் பக்கத்தில் இருப்பவற்றைப் பார்த்து எது எதோடு சேர்த்தி என்று எழுதுகிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அதானே பாத்தேன். ராவெல்லாம் முழிச்சிருந்தா வயிறு என்னத்துக்கு ஆகும்?” நான் வெள்ளனே எழுந்து, பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவன், ராத்திரி எட்டு மணிக்குமேல் எனக்கு வானம் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை.

இந்த வேலை எனக்குக் கிடைத்ததும் ஒரு கூத்து. இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்துப் போட்டு தோட்டத்து ஆட்களான எங்களைப் பங்கு பிரித்தபோது, அண்ணன் கறுப்பையா அங்கே, நான் இங்கே என்று ஆனது. கப்பலிலிருந்து இறங்கி, முகாமில் கிடந்து, தோல் பதனிட வாட்டில் மரத்துப் பட்டை உரிக்கிற வேலை என்று மலையேற்றப்பட்டேன். தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. கத்தியைவிடப் பேனா பிடித்துப் பழகிய கை. பட்டையைவிட அதிகமாக என் தோலையே உரித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், செண்பகனூரில் வீடு எடுத்திருக்கும் ஒரு அம்மாவுக்குக் முத்து முத்தாக எழுதத் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டேன். மேனாட்டில் படித்தவர் என்று சொன்னார்கள். பெரிய பங்களாவை எதிர்பார்த்துப் போய், தோட்டத்து வழக்கப்படி குனிந்து, “கும்பிடுறேங்க தொரசாணி” என்றேன். என்னைவிட வயதில் இளையவரான அந்த அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று.

“என்னையா? ஏங்க, எங்கப்பா பழனி அடிவாரத்துல பஞ்சாமிர்தம் விக்கிறவரு. நான் எங்கிட்டுத் தொரசாணி ஆனேன்? பாடம் நடத்துனவ, டீச்சர்னு கூப்பிடுங்க போதும்.”

அப்படித்தான் அவர் எனக்கு டீச்சரம்மா ஆனார். விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று முதல் பட்டியல் முடியும்வரை உதவியாளுக்குச் சம்பளம் தரும், பட்டியல் அவர்களுக்குத் திருப்தியானால் இன்னும் சில வருஷம் வேலை ஓடும், இல்லாவிட்டால் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை, அடுப்போடு. தோட்டத்து வரிசைவீட்டு ஒற்றை அறையில் குடித்தனம் செய்த என் மனைவி பார்வதி அந்த அறையை நாலு மூலையும் சுற்றிப் பார்த்துவிட்டு, “லயத்த விடப் பெருசுங்க. இதையும் கெடுத்துக்கிட்டு வந்துராதீங்க” என்றாள். என்னை நன்றாக அறிந்தவள்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய தொலைநோக்கியால் எடுத்த வானத்தின் படங்கள், தடித்த தாளில், பாய் மாதிரி விரிந்து கிடக்கும். அதில் வானம் வெள்ளை, நட்சத்திரங்கள் கறுப்பு. முதல்நாள் பார்த்தபோது யாரோ கோலமாவில் மிளகுத்தூளைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கூர்மையான புள்ளி நட்சத்திரம். விரலால் தேய்த்துவிட்ட மாதிரி மங்கலாக இருந்தால் அது கேலக்ஸி. பூதக்கண்ணாடி வைத்து அதன் இடத்தையும் அளவையும் குறிக்க வேண்டும். அது நம்மைவிட்டு எவ்வளவு வேகமாக விலகிப் போகிறது என்பதை ஏற்கெனவே அளந்து அச்சிட்டிருக்கிறார்கள். அதையும் பக்கத்தில் எழுத வேண்டும்; வேகம் கூடக் கூடத் தொலைவும் கூடுதல். வானத்தில் அருகருகே இருந்து, வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அவை ஒரு கூட்டம். மூடுபனி ஜன்னல்வரை வந்து, எதிர்வீட்டு வேலிகூடத் தெரியாத காலைகளில், கோடி கோடி மைல் தாண்டி யார் யாரோடு சேர்த்தி என்று தீர்ப்பெழுதிக்கொண்டிருப்பேன். சிரிப்பாக வரும்.

தைப்பூசத்துக்கு டீச்சரம்மா பழனிக்கு இறங்கிவிட்டார். அந்த நாட்களில் அவர்கள் கடையில் டாக்டர் பட்டமெல்லாம் செல்லாது. டப்பாவில் பஞ்சாமிர்தம் அடைக்க எல்லாக் கையும் வேண்டும். “மிச்சத்த முடிச்சு வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் முடித்தேன். அதுதான் வினை.

தோட்டத்தில் விடிகாலையில் பெரட்டுக் களம் என்று ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கப் போகுமுன் எல்லோரும் அங்கே தங்கள் தங்கள் மேஸ்திரியான கங்காணிக்குப் பின்னால் வரிசை நிற்க வேண்டும். கங்காணி இல்லாதவனுக்கு அன்றைக்குக் கூலிக் கணக்கில் பேர் கிடையாது. பேர் இல்லாதவனுக்கு அரிசி கிடையாது. பெரட்டு கலையும்போது களத்தில் ஒருவன் மட்டும் தனியாக நின்றால், அது கணக்கப்பிள்ளையின் வேலைக் குறை. அவனை யாராவது ஒரு கங்காணி பேரில் ஏற்றிவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். பல வருஷம் அப்படியே செய்த கை, ஆகாயத்தில் மட்டும் சும்மா இருக்குமா? கூட்டங்களை எல்லாம் எழுதி முடித்தபின் பார்த்தால், எதிலும் சேராமல் கேலக்ஸிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்றன. மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெரிதாக எது இருக்கிறது என்று பார்த்து, அதன் பேரில் ஏற்றிவிட்டேன். வானத்தில் ஒரு ஆள் மிச்சமில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

திரும்பி வந்த டீச்சரம்மாவிடம் பட்டியலைப் பெருமையாக நீட்டினேன். புரட்டினார். நின்றார். பின்தாளுக்குப் போனார். மறுபடி முன்தாளுக்கு வந்தார்.

“முத்தையா, இது எப்படி இந்தக் கூட்டத்துல வந்துச்சு?”

“நான்தாங்க சேத்துவிட்டேன். பாவம், தனியா நின்னுச்சு.”

“பாவமா?” இன்னொரு தாளைத் திருப்பினார். “அப்ப இது?”

“அது ரொம்பப் பாவங்க. சுத்திவர ஒண்ணுமே இல்ல.”

“வேகத்தப் பாத்தீங்களா?”

“பாத்தேங்க. கொஞ்சம் முன்னப்பின்ன இருந்துச்சு.”

“கொஞ்சமா! இது அதுக்குப் பக்கத்துலயே இல்லீங்க. அந்தக் கூட்டத்துக்குப் பின்னாடி எங்கயோ தொலைவுல நிக்குது. பாக்குறதுக்குத்தான் ஒட்டித் தெரியுது.” தலையில் கை வைத்துக்கொண்டார். “எங்க கடை வாசல்ல பூசத்தன்னிக்கு வந்து நில்லுங்க. காரைக்குடிக்காரரு தோளோட பொள்ளாச்சிக்காரரு இடிச்சுக்கிட்டு நிப்பாரு. அதுக்காக ரெண்டு பேரும் ஒரே ஊரா? யாரோட சேந்து நடந்து வந்தாருன்னு பாக்க வேணாமா?”

“யாரோடயும் சேராம தனியா வர்றவுங்க இருக்க மாட்டாங்களா?”

“நெறைய இருப்பாங்க. அவங்களும் சாமி கும்பிட்டுட்டுத்தான் போறாங்க.”

இந்தப் பட்டியல் இப்படியே போனால் அடுத்த கடிதத்திலேயே வேலை முடிந்தது என்று அவர் கோபமில்லாமல் சொன்னார். அதுதான் வயிற்றைக் கலக்கியது. (டீக்கடைக்காரருக்கு அன்று என்னைப் பார்த்திருந்தால் திருப்தியாக இருந்திருக்கும்.) தபாலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. “வெரசாப் பிரிச்சுருங்க. தனியா நிக்கிறத தனின்னே எழுதுங்க” என்றார்.

ஏற்றிவிட்டவர்களை ஒவ்வொருவராக இறக்கினேன். தனி. தனி. தனி. கஞ்சி கொண்டுவந்த பார்வதி எட்டிப் பார்த்தாள்.

“என்னா ஒரே சொல்லையே எழுதிக்கிட்டு இருக்கீங்க?”

“ஆளுங்கள வரிசையிலயிருந்து எறக்குறேன்.”

“என்னா, கப்பல்ல ஏத்தவா?”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். அவளும் கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரே தாய் வயிறு, ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா, ஒரே கங்காணி, ஒரே நடை. அண்ணனையும் என்னையும் இரண்டு கூட்டமாகப் போட்ட அதிகாரி எங்கள் வேகத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

வார முடிவில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதன் இருப்பிடத்தைப் பார்த்தால் ஒரு கூட்டத்தின் ஓரம். வேகத்தைப் பார்த்தால் அதற்கு அடுத்த கூட்டத்தோடுதான் அதிகம் ஒத்துப்போனது. பழைய முத்தையாவாக இருந்தால் யார் பேரிலாவது ஏற்றிவிட்டுத் தூங்கியிருப்பான். நான் படங்களைத் தூக்கிக்கொண்டு டீச்சரம்மாவிடம் போனேன். அவர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“தெரியலீங்க.”

“இன்னைக்குத்தான் சரியான பதில் சொல்லியிருக்கீங்க. ரெண்டு கூட்டத்துலயும் எழுதுங்க. ரெண்டுலயும் கேள்விக்குறி போடுங்க.”

“பெரட்டுல ஒரே ஆளு ரெண்டு கங்காணி பேருல நின்னா, அது திருட்டுங்க.”

“இது பெரட்டு இல்லீங்க முத்தையா.”

அப்படியே எழுதினேன். பட்டியல் போயிற்று. மழைக்காலம் தொடங்கியபின் பதில் வந்தது: வேலை தொடரலாம். பார்வதி அன்றே அறைக்குப் பின்னால் பீன்ஸ் விதை ஊன்றினாள். கேள்விக்குறியைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எனக்குத்தான் அதை மறக்க முடியவில்லை.

வானத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்தவர்கள், இடையில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று, ஒவ்வொரு படத்தின் ஓரத்தையும் அடுத்த படத்திலும் கொஞ்சம் வருமாறு எடுத்திருக்கிறார்கள். அந்தக் கேலக்ஸி விழுந்திருப்பது சரியாக அந்த ஓரத்தில். அதனால் இரண்டு படத்திலும் இருக்கிறது. டீச்சரம்மா இல்லாத பகல்களில் இரண்டையும் மேசைமேல் எடுத்துப் போடுவேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது இரண்டாகத் தெரிகிறது. ஒன்றாக்கலாம் என்று ஓரத்தின்மேல் ஓரத்தை நகர்த்தி வைத்தால், தடித்த தாளுக்கு அடியில் போன படத்தில் அது மறைந்துவிடுகிறது.