ஆப்சென்ட் என்று வந்த பேப்பர்

பி.காம் கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது ஈஜிபுராவில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். மற்ற எல்லாவற்றிலும் பாஸ். இன்கம் டாக்ஸ் பேப்பருக்கு எதிரில் மட்டும் ஆப்சென்ட் என்று இருந்தது. அந்தப் பரீட்சையை நான் எழுதியிருந்தேன். கடைசி மணி அடிக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அதேதான். உள்ளே போய் அரிசி களைந்து உலையில் போட்டேன்.

அப்பா கோரமங்களாவில் ஓர் அப்பார்ட்மென்டில் செக்யூரிட்டி. அம்மா மூன்று வீடுகளில் வேலை செய்தாள். எங்கள் குடும்பத்தில் பி.யு.சி. என்கிற பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். அரசு கல்லூரி, பஸ் பாஸ், ஸ்காலர்ஷிப் என்று மூன்று வருஷம் ஓடிவிட்டது. கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த ஒரு கம்பெனி எங்கள் வகுப்பில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதில் நானும் ஒருத்தி. எல்லாப் பேப்பரும் பாஸான மார்க்ஸ் கார்டு இருந்தால்தான் சேர முடியும்.

அப்பா வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"நீ எழுதுன இல்ல?"

"எழுதுனேம்ப்பா."

"அப்ப என்னா பயம்? நாளைக்கே போலாம்."

பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தேர்வுப் பிரிவில் எங்கள் கல்லூரிக்கான ஃபைல்களைப் பார்த்தது ஐம்பது வயதுக்கு மேல் இருந்த ஒரு பெண்மணி. அப்பாவின் கன்னடம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். கவுன்டரின் ஓட்டை வழியே குனிந்து, "நமஸ்காரா மேடம், ஸ்வல்ப நோடி மேடம்" என்று கெஞ்சினார். கொஞ்சம் பாருங்கள் என்று. அந்த அம்மா கடிதம் கொடுக்கச் சொன்னார். அடுத்த தடவை கல்லூரி பிரின்சிபால் கையெழுத்து. அதற்கடுத்த தடவை, பரீட்சை அறையில் நான் போட்ட கையெழுத்தின் நகல். ஒவ்வொரு தடவையும் அப்பா லீவு போட்டார். ஐந்தாவது தடவைக்குப் பிறகு செக்யூரிட்டி ஏஜென்சி அவரை அந்த அப்பார்ட்மென்டிலிருந்து எடுத்துவிட்டது.

"வேற சைட்ல போடறாங்களாம்," என்று மட்டும் வீட்டில் சொன்னார். ஒயிட்ஃபீல்டு தாண்டி எங்கேயோ. விடியும்முன் கிளம்பினால்தான் டூட்டிக்குப் போய்ச் சேர முடியும்.

கம்பெனியில் சேர வேண்டிய நாள் வந்து போனது. மார்க்ஸ் கார்டு வந்ததும் மெயில் அனுப்பச் சொன்னார்கள். பிறகு நான் போன் செய்தால் எடுப்பதில்லை. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடச் சேர்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பொருள் மேல் இருக்கும் கோடுகளை மெஷினுக்குக் காட்டினால் ஒரு சத்தம் வரும். நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஏழாவது தடவை அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போனேன். அந்த அம்மா என்னைக் கவுன்டருக்கு உள்ளே கூப்பிட்டார். அவர் மேஜையில் என் விடைத்தாள், திருத்தி மார்க் போட்டபடி இருந்தது. முதல் பக்கத்தில் பதிவு எண்ணை எழுதி, அதற்குக் கீழே அந்தந்த எண்ணின் வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். எண்ணைச் சரியாக எழுதியிருந்தேன். கடைசிக்கு முந்தைய வரிசையில் மூன்றை நிரப்புவதற்குப் பதிலாக எட்டை நிரப்பியிருந்தேன். அந்த எண்ணில் ஆளே கிடையாது. யாருடையது என்று தெரியாத தாள்களோடு அது கட்டப்பட்டு இத்தனை மாதம் கிடந்திருக்கிறது.

"நீயே பாரும்மா," என்றார், தமிழில். "தப்பு உன்னுதுதான். மெஷின் என்னா பண்ணும்?"

அவர் குரலில் கோபம் இல்லை. அவருக்குத் தமிழ் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தவறு என்னுடையதே என்று எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அப்பா வரலியா இன்னிக்கு?"

"டூட்டி மேடம்."

"நல்ல மனுஷன்," என்று சொல்லிக் கடிதத்தை ஃபைலில் கோர்த்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைச் சேர்த்துப் பார்த்தேன். சேர்ந்தன. சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் காத்திருந்தார்.

"என்னா சொன்னாங்க?"

"பேப்பர் கெடச்சிடுச்சிப்பா. எழுபத்தொண்ணு."

படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார். "நான் அப்பவே சொன்னேன் இல்ல, தப்பு அவங்களுதுன்னு?"

"ஆமாப்பா," என்றேன்.

மார்க்ஸ் கார்டு வந்தபோது அந்தக் கம்பெனியில் இடம் இல்லை. ஓர் ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் இருந்தேன். இப்போது ரிங் ரோட்டில் ஒரு பெரிய அலுவலகத்தில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். விவேக் நகரில் இரண்டு ரூம் வீடு, பாத்ரூம் உள்ளேயே. அம்மா ஒரு வீட்டுக்கு மட்டும் போகிறாள். அப்பாவை வேலையை விடச் சொன்னேன். முழங்கால் வலியோடு இன்னும் அந்தத் தூரத்து சைட்டுக்குத்தான் போய் வருகிறார். லிஃப்டில் அடையாள அட்டையைத் தேய்க்கும்போது எல்லாம் மாறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். உள்ளே ஒன்றும் அசைவதில்லை.

அப்பா தெருவில் எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொல்வார். ஆபீஸ்காரன் தப்பு பண்ணினால் நேராகப் போய் நிற்க வேண்டும், விடக்கூடாது என்பார். நான் அருகில் இருந்தால் என்னைக் காட்டிச் சொல்வார். நான் தலையை ஆட்டுவேன்.

போன மாதம் கீழ்வீட்டுப் பெண் அட்மிஷன் ஃபாரத்தோடு வந்தாள். நான் படித்த அதே கல்லூரி. எண்களை அவள் நிரப்ப நிரப்ப, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

"அக்கா, உங்க பேப்பர்ல யாரு தப்பு பண்ணாங்க? கண்டுபிடிச்சாங்களா?"

"நாந்தான். வட்டத்த மாத்தி நிரப்பிட்டேன்."

அவள் பேனாவை நிறுத்தினாள். "உங்க அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

முதல் முறையாக வெளியே சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். அவள் ஃபாரத்தைத் திருப்பினாள். பிறகு, போட்டோவை ஒட்ட வேண்டுமா, பின் அடிக்க வேண்டுமா என்று கேட்டாள். ஒட்டச் சொன்னேன்.